செம்பரம்பாக்கத்தில் ஒரு பட்டமும் நான்கு சக்கரங்களும்

விமான நிலைய வாசலில் என் தம்பி குகன் என்னைத் தாண்டி நடந்தான். நானும் அவனைத் தாண்டி நடந்தேன். கம்பித் தடுப்பை ஒட்டி நெரிந்த கூட்டத்தில் நான் தேடியது பதின்மூன்று வயதுச் சிறுவனை. அவன் தேடியது இருபது வயதில் ஒரு துணிப்பையோடு யாழ்ப்பாணத்தில் லொறி ஏறிப்போன ஒருவனை. கூட்டம் கரைந்து, மிஞ்சிய இரண்டு பேரும் நாங்கள்தான் என்று விளங்கியபோது இருவருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. ஒன்பது வருடம். அவன் என்னைவிட அரை அடி உயரமாக இருந்தான். கைகொடுப்பதா, கட்டிப்பிடிப்பதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "வாங்கோ" என்றான். ஊரில் அவன் என்னை 'வாடா' என்பான். அம்மா அடிப்பாள்.

நான் அப்போது டென்மார்க்கின் மேற்குக் கரையில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். அம்மாவும் குகனும் சண்டைக்குத் தப்பிக் கடல் கடந்து சென்னைக்கு வந்து, அம்பத்தூருக்கு உட்புறம் மேனாம்பேட்டில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். நான் கூப்பிடுவேன் என்று ஐந்து வருடம் காத்திருந்தார்கள். கடைசியில் அம்மாவுக்கு விசா கிடைத்தது. குகனுக்குக் கிடைக்கவில்லை. விண்ணப்பம் போட்டபோது அவன் சிறுவன், பதில் வந்தபோது இருபத்திரண்டு வயது ஆள். தாயை மகனோடு சேர்ப்பதற்குச் சட்டத்தில் இடம் இருந்தது, தம்பியை அண்ணனோடு சேர்ப்பதற்கு இல்லை. எனக்கு மூன்று வார விடுமுறை. அதற்குள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். அதற்குத்தான் வந்தேன்.

ஆட்டோவில் ஏறி நான் வாயைத் திறந்ததும் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "சார் கேரளாவா?" என்றார். இல்லை, தமிழ்தான் என்று தமிழிலேயே சொன்னேன். "மலையாளத்து ஆளுங்க தமிழ் பேசினா இப்டித்தான் சோக்கா இருக்கும்" என்று பாராட்டினார். குகன் முன்னால் சாய்ந்து, "மெயின் ரோட்டுல லாரி நின்னுக்கினு கீது நைனா. எஸ்டேட் உள்ள பூந்து போ" என்றான். ஓர் எழுத்துப் பிசகவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெயிலில் தார் இளகி மணத்தது. தொழிற்பேட்டைக்குள் ஒவ்வொரு கொட்டகையிலிருந்தும் இரும்பு அறுபடும் சத்தம் வந்தது. நான் வேலை செய்யும் ஊரில் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் இருமினால்கூட மெதுவாக இருமுவார். இங்கே எங்கள் ஆட்டோவை முந்திய சைக்கிள்காரர், போகிற போக்கில் குகனைப் பார்த்து, "மாமே, நாளைக்கு ஷிப்ட்டு உண்டா?" என்று கத்திவிட்டுப் போனார். குகன் கையை உயர்த்தினான். என்னை அறியாத ஊரில் என் தம்பியை அறிந்தவர்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள்.

அம்மா மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றாள். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பிறகு, "மெலிஞ்சு போனாய்" என்றாள். நான் ஒன்பது வருடத்தில் பதினைந்து கிலோ கூடியிருந்தேன். புட்டும் முட்டைப் பொரியலும் தந்தாள். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு எதிரே இருந்தாள். வீட்டில் ஒரே அறை, ஒரு சமையல் மூலை. எந்த மூலையிலும் பயணத்துக்கான பெட்டி இல்லை.

"அம்மா, சாமான் ஒண்டும் அடுக்கேல்லையோ?"

"பாப்பம்" என்றாள் அம்மா.

இரண்டாம் நாள் என் பெட்டியைத் திறந்தேன். சாக்லேட், சவர்க்காரம், அம்மாவுக்குக் கம்பளிச் சட்டை, குகனுக்குக் கைக்கடிகாரம். கடிகாரத்தை அவன் கட்டிப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லி, கழற்றி அலமாரியில் வைத்தான். அடியில் நீல நிறத்தில் ஒரு துணிப்பொதி இருந்தது. அதைக் கண்டதும் அவன் கை நின்றது.

அது ஒரு பட்டம். அதில் ஒரு குச்சிகூட இல்லை. தலையணை உறைகளை வரிசையாகத் தைத்ததுபோல இருக்கும். ஒவ்வோர் உறைக்கும் ஒரு வாய். காற்று உள்ளே போனால் விறைத்துச் சிறகாகிவிடும். இரண்டு கயிறு. இடதை இழுத்தால் இடப்பக்கம் போகும், வலதை இழுத்தால் வலப்பக்கம். நான் இருந்த ஊருக்கு அருகில் கார் ஓடக்கூடிய அளவுக்கு இறுகிய, அகன்ற மணற்கரை உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே சிலர் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு, இந்தப் பட்டம் இழுக்க, கடலோரமாக வழுக்கிப் போவார்கள். நான் தனியாக நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். என்னோடு வேலை செய்த ஒருவர் தன் பழைய பட்டத்தை எனக்குத் தந்தார். பட்டம் என்றால் எனக்குக் குகன்தான். அவனுக்கென்று வைத்திருந்தேன். சக்கரங்களைக் கொண்டுவர முடியவில்லை. ஒரு புகைப்படம் மட்டும் கொண்டுவந்தேன்.

குகன் புகைப்படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். வந்ததிலிருந்து முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்துப் பேசினான்.

"இந்தச் சக்கரம் என்ன பெரிய விசயம்? இதை ஏகாம்பரம் அண்ணன்ரை பட்டறையில செய்யலாம்."

மூன்றாம் நாள் காலை மண்ணூர்பேட்டைக்குப் போனோம். ஏகாம்பரத்துக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய அப்பா அந்தப் பக்கத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர். வயல் இருந்த இடத்தில் கம்பெனிகள் வந்தபோது, மகன் கடைசல் இயந்திரத்தின் முன்னால் போய் நின்றார். இப்போது சொந்தமாக ஒரு தகரக் கொட்டகை, இரண்டு லேத், ஒரு வெல்டிங் இயந்திரம். குகன் மூன்று வருடமாக அங்கேதான் வேலை கற்று வேலை செய்துகொண்டிருந்தான்.

பட்டறை வாசலில் அவர் எங்களுக்கு இட்லியும் வடகறியும் வாங்கித் தந்தார். வடகறியை நான் அன்றுதான் முதன்முதலாகச் சாப்பிட்டேன். மீந்த வடையை உதிர்த்துப் போட்டுச் செய்வதாம். டென்மார்க்கில் எஞ்சிய உணவைக் கண்ணாடிப் பெட்டியில் அடைத்துத் தேதி எழுதி வைப்பார்கள், பிறகு தேதி பார்த்துக் கொட்டுவார்கள். நான் மூன்றாவது தடவை வடகறி கேட்டதும் ஏகாம்பரத்துக்கு என்னைப் பிடித்துப்போயிற்று.

கையைத் துடைத்துக்கொண்டு பட்டத்தை விரித்துப் பார்த்தார். "இன்னா சார் இது, ஊட்டு மாடியில காயப்போட்ட பாவாடை கணக்கா கீது. இது ஆளை இஸ்துகினு போவுமா?"

"போகும்."

"எத்தினி பேரை?"

"ஒருத்தரை."

புகைப்படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். அதில் காலணிக்கு முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம். பாதம் இரண்டுக்கும் நடுவில், தரையை ஒட்டித் தொங்கும் தட்டில் இருந்தது. "அடுத்தவன் செஞ்சதுன்னா நம்மளும் செய்லாம்" என்றார். "ஆனா பகல்ல ஆர்டர் வேலை. சாயங்காலம் அஞ்சுக்கு மேல இது. சரியா?"

அன்றிலிருந்து ஐந்து மணிகளுக்காக நான் காத்திருந்தேன். பகலில் அம்மாவோடு இருந்தேன். அடிகுழாயில் தண்ணீர் அடித்து மாடிக்கு ஏற்றினேன். அங்கே குளிர் எப்படி, குளிர்சாதனப் பெட்டி எவ்வளவு பெரியது, சாமி கும்பிடக் கோயில் உண்டா என்றெல்லாம் அம்மா கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. குகனுக்குப் பயற்றங்காய் பிடிக்காது, ஆனால் பிடிக்காது என்று சொல்ல மாட்டான் என்பதைச் சொன்னாள். குகன் நித்திரையில் பல்லைக் கடிக்கிறான் என்று சொன்னாள்.

முதல் சக்கரங்கள் தொழிற்சாலைத் தள்ளுவண்டியுடையவை. கையளவு, கெட்டி ரப்பர். காயலான் கடையில் பேரிங் பொறுக்கினோம். அவை சேறும் கிரீசுமாக இருந்தன. குகன் ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, விரலில் மாட்டிச் சுழற்றி, காதோரம் பிடித்துக் கேட்பான். சத்தம் பிடிக்காததை வீசுவான். ஆவடிக்குப் போய், நடைபாதையில் பட்டாளத்துப் பழைய பூட்ஸ் விற்பவரிடம் கணுக்காலுக்கு மேல் உயர்ந்த ஒரு ஜோடி வாங்கினோம். பூட்ஸின் அடியில் நான்கு துளை போட்டு இரும்புத் தட்டில் முறுக்கினார் ஏகாம்பரம்.

"இத்தக் கட்டிக்கினா நடக்க முடியாது நைனா" என்றார் குகனிடம். "ஒண்ணு போவணும், இல்லாங்காட்டி குந்தணும்."

"போறதுக்குத்தானே அண்ணே செய்யிறோம்" என்றான் குகன்.

எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. செம்பரம்பாக்கம் ஏரி அந்தக் கோடையில் மதகுப் பக்கம் சுருங்கிக் கிடக்கிறது, மற்ற இடமெல்லாம் தரை என்று ஏகாம்பரம் சொன்னார். பூந்தமல்லி பஸ்ஸில் கண்டக்டர் எங்கள் மூட்டையைப் பார்த்துவிட்டு, "இன்னாயா இது, காலா, வண்டியா?" என்றார். பாதி வழியில் பஸ் புகைவிட்டு நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். தள்ளியவர்களில் ஒருவர் பூட்ஸில் சக்கரம் இருப்பதைக் கண்டு, "அத்த பஸ்ஸுல கட்டு, தானா போவும்" என்றார். பஸ் கிளம்பவில்லை. செங்கல் சூளைக்குப் போன ஒரு டிராக்டரின் பின்வண்டியில் ஏறி, எலும்பெல்லாம் குலுங்கப் போய்ச் சேர்ந்தோம்.

ஏரியைக் கண்டதும் நான் மூட்டையைக் கீழே வைத்தேன். கண்ணுக்கெட்டியவரை மட்டமான தரை. வானம் முழுக்க மேலே. எங்கள் ஊரில் கடல் வற்றும் நாட்களில் களப்பு, அந்த உப்புநீர் ஏரி, இப்படித்தான் கிடக்கும். குகனும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு சிறிது தூரம் நடந்துபோய்த் தனியே நின்றான்.

அன்று எல்லாம் பிழையாகப் போயிற்று. வற்றிய சேறு பாளம் பாளமாக வெடித்திருந்தது. பட்டம் விறைத்து எழும்பி, குகனை ஓர் இழுப்பு இழுத்தது. இரண்டு பாகம், இரண்டு ஆள் நீளம், போயிருப்பான். கையளவுச் சக்கரம் வெடிப்புக்குள் இறங்கி நின்றுவிட்டது. அவன் மட்டும் நிற்கவில்லை. முழங்கையும் தாடையும் தேய விழுந்தான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், கோலை ஊன்றி நின்று பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, நடந்து போனா காலு இன்னா ஒடிஞ்சா பூடும்?" என்றார். குகன் விழுந்தபோது கயிறு கையை விட்டுப் போயிருந்தது. பட்டம் உருண்டுகொண்டே போய்க் கரையோர வேலிக்காத்தானில் மாட்டியது. நாங்கள் ஓடிப் போவதற்குள் காற்று அதை முள்ளில் அங்குமிங்கும் இழுத்து, நடுவே மூன்று கிழியலாகக் கிழித்துவிட்டது.

திரும்பும் வழியில் நான், "பரவாயில்லை, அடுத்தமுறை வரேக்கை புதுசு கொண்டு வாறன்" என்றேன்.

"அடுத்தமுறை எண்டால் இன்னும் ஒன்பது வருசமோ?" என்றான் குகன்.

அவன் கிழிந்த துணியை மடித்துக்கொண்டே பேசினான். "நீ காயிதம் போடுவாய். கெதியிலை கூப்பிடுறன், இந்தா கூப்பிடுறன் எண்டு. முதல் இரண்டு வருசம் நான் இஞ்சை ஒரு பள்ளிக்கூடத்திலையும் சேரேல்லை. போகப் போறனான்தானே, ஏன் சேருவான் எண்டு. அம்மா ஒரு சட்டி வாங்க மாட்டா, போகேக்கை விட்டிட்டுப் போகவேணும் எண்டு. பிறகு ஒருநாள் பட்டறைக்குப் போனன். அண்டைக்குத்தான் நித்திரை வந்தது." அவன் 'வாங்கோ'வை விட்டு 'நீ'க்கு வந்திருந்தான். அதை நான் சந்தோஷமாக நினைத்துக்கொண்டேன். வேறு எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. எனக்கு ஒண்டும் இல்லை" என்றான் கடைசியில்.

ஒன்பதாம் நாள் மாலை பட்டறைக்குப் போனபோது குகன் எனக்கு முன்னால் அங்கே இருந்தான். தரையில் நெடிய மூங்கில் கழிகள். பூந்தமல்லியிலிருந்து சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்திருக்கிறான். கத்தியால் சீவிக்கொண்டிருந்தான்.

"எங்கடை பட்டம் கட்டுவம்" என்றான்.

எங்கள் ஊர்ப் பட்டத்துக்கு ஒரே கயிறு. ஆளைவிடப் பெரிதாகக் கட்டுவோம். தலையில் வில் வளைத்து அதில் ஒரு நாரை இறுக்கிப் பூட்டுவோம். அதற்கு விண் என்று பெயர். காற்றில் அந்த நார் அதிர்ந்து கூவும். பட்டத்தை ஏற்றிப் பனையில் கட்டிவிட்டால் ஊர் முழுக்க அந்தச் சத்தம்தான். அதைக் கேட்டுக்கொண்டுதான் நாங்கள் வளர்ந்தோம். ஏகாம்பரத்துக்கு இதெல்லாம் புதிது. சென்னையில் காத்தாடி என்றால் உள்ளங்கை அகலக் காகிதம், கண்ணாடித்தூள் தடவிய மாஞ்சா நூல், ஒன்றை ஒன்று அறுப்பது.

"இத்தோட யார்கூட டீல் போடுவீங்க?" என்று கேட்டார்.

"ஒருத்தரோடையும் இல்லை. சும்மா ஏத்திவிட்டுக் கேக்கிறது" என்றான் குகன்.

"அப்டியே குந்திக்கினு கேக்கறதா?" அவர் குகனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு எழுந்துபோய், பெட்டி கட்டும் பிளாஸ்டிக் நாடாவில் ஒரு சுருள் கொண்டுவந்து கொடுத்தார். "நாருக்கு இது ஆவுமா பாரு."

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. இரண்டு கயிற்றுப் பட்டத்தால் காற்றுக்குக் குறுக்காகவும் போகலாம், வந்த வழியே திரும்பவும் செய்யலாம். ஒற்றைக் கயிற்றுப் பட்டம் காற்று போகும் திசைக்குத்தான் இழுக்கும். ஏகாம்பரம் இதை உடனே பிடித்துக்கொண்டார்.

"போவ சரி. திரும்பி எப்டி வருவ?"

"கழட்டிக் கையில எடுத்துக்கினு நடந்து வருவேன் அண்ணே."

சக்கரங்களை மாற்றினோம். குழந்தைகள் சைக்கிளின் சக்கரம் நான்கு, ஒரு முழம்கூட இல்லாத விட்டம், காற்றடிக்கும் டயர். பக்கவாட்டு அழுத்தத்தில் கம்பிகள் வளைந்துவிடும் என்று ஏகாம்பரம் பயந்தார். டிரம் மூடியைத் தட்டுகளாக வெட்டி, இரண்டு பக்கமும் வைத்து ரிவெட் அடித்தார். அச்சை அவரே கடைந்தார். இடுப்புக்கு ஒரு பெல்ட், அதில் ஒரு கொக்கி, கொக்கியில் ஓர் ஊசி. ஊசியை உருவினால் கயிறு கழன்றுவிடும். அந்த ஊசியைப் பத்துத் தடவை போட்டு உருவிப் பார்த்த பிறகுதான் குகனிடம் கொடுத்தார். "பட்டம் போனா போவட்டும். நீ இத்த உருவு. இன்னா? காதுல வாங்கு."

அந்த மாலைகளில் நான் மூங்கிலைப் பிடிப்பேன், அவன் கட்டுவான். முடிச்சை இறுக்க என் விரலை வைக்கச் சொல்லுவான், என் விரலைச் சேர்த்தே இறுக்கிவிட்டுச் சிரிக்காமல் இருப்பான். ஒவ்வொரு நாளும் ஒரு நாள் குறைந்தது. மீன் தொழிற்சாலையில் நாள் நகராதா என்று கடிகாரத்தைப் பார்ப்பவன் நான்.

பதினேழாம் நாள் மாலை விண்ணைச் சரிபார்க்க, வில்லை மட்டும் மொட்டைமாடிக்குக் கொண்டுபோனான். ஒரு கயிற்றில் கட்டித் தலைக்கு மேல் சுழற்றினான். முதலில் சீறியது. நாடாவைச் சுரண்டி மெல்லிசாக்கி மறுபடி சுழற்றினான். அப்போது கூவியது. நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது அம்மா படியேறி வந்து நின்றிருந்தாள். கையில் கரண்டி. வீட்டுக்குள் அடுப்பில் ஏதோ கருகும் மணம்.

"நாளையிண்டைக்கு ஏரிக்கு நானும் வாறன்" என்றாள்.

இரண்டு நாள் கழிந்து, பத்தொன்பதாம் நாள். இந்தத் தடவை ஏகாம்பரம் ஒரு சிறிய வேன் பிடித்துவந்தார். பட்டத்தை மேலே கட்டினோம். அம்மா முன்னால் உட்கார்ந்து, மடியில் சோற்றுப் பொட்டலங்களை வைத்திருந்தாள். வேன்காரர் வழியெல்லாம், மழை வந்து ஏரி நிறைந்தால்தான் பட்டணத்துக்குத் தண்ணீர் என்று சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு மட்டும் அந்த ஒரு நாள் மழை வரக்கூடாதென்றிருந்தது.

மதியம் வரை மேற்கிலிருந்து அனல் வீசியது. மூன்றரைக்கு அதுவும் நின்றது. பட்டம் தரையில் கிடந்தது. புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். ஏகாம்பரம் அப்பளத்தை நொறுக்கிப் பிசைந்துகொண்டு, "யம்மா, உங்க ஊர்ல புளிய இப்டிக் கரைப்பாங்களா?" என்று கேட்டார். அம்மா சிரித்தாள். நாலேகாலுக்கு என் முதுகில் சில்லென்று ஒன்று பட்டது. கிழக்கிலிருந்து கடல்காற்று.

ஏகாம்பரம் பட்டத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். நான் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடினேன். பட்டம் ஒருமுறை தலையாட்டிவிட்டு ஏறியது. நூறு பாகக் கயிறு ஓடியதும் விண் கூவத் தொடங்கியது. பக்கத்தில் மேய்ந்த ஆடுகள் தலை தூக்கின. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

குகன் பூட்ஸைக் கட்டி, தரையில் குந்தியிருந்தான். கயிற்றைக் கொக்கியில் மாட்டியதும் அது அவனை உட்கார்ந்த இடத்திலிருந்து எழுப்பி நிறுத்தியது. சக்கரங்கள் மெதுவாக உருண்டன. வெடிப்புகளின் மேல் தடதடத்தன. நிற்கவில்லை. முழங்காலை மடித்து, பின்னால் சாய்ந்து, இரண்டு கைகளையும் விரித்தான். போனான். ஒரு சைக்கிளின் வேகம். பிறகு அதைவிட வேகம். ஏகாம்பரம் கூடவே ஓடினார். "அட்றா! அட்றா நைனா! முட்டிய மடி!" என்று கத்திக்கொண்டே ஓடி, மூச்சு வாங்கி நின்றுவிட்டார். குகன் நிற்கவில்லை. வெயிலுக்குள் போய்ச் சிறியவனானான். சத்தமும் சிறிதாகியது. பிறகு ஆளும் தெரியவில்லை, சத்தமும் இல்லை.

அம்மா கண்ணுக்கு மேல் கையை வைத்து நின்றாள். முக்கால் மணி நேரம் அப்படியே நின்றாள். உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. கடைசியில் தூரத்தில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. எதிரே போயிருந்த ஏகாம்பரம் பட்டத்தைத் தலைமேல் சுமந்துகொண்டு வந்தார். குகன் பூட்ஸைத் தோளில் போட்டு, புழுதி அப்பிய முகத்தோடு, கையை ஆட்டி ஆட்டி அவருக்கு எதையோ சொல்லிக்கொண்டு வந்தான். இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பதின்மூன்று வயதில் அவனிடம் இருந்தது.

வந்ததும் அவர்கள் இருவரும் கயிற்றுச் சிக்கெடுக்கப் போய்விட்டார்கள். அம்மா என்னிடம் வந்தாள்.

"தம்பி, நான் வரேல்லை."

எனக்கு விளங்கியது. ஆனாலும், "எங்கை?" என்று கேட்டேன்.

"உன்னோடை. நான் வரேல்லை."

"அம்மா, விசா முடிஞ்சால் பிறகு எடுக்கேலாது. நான் அங்கை தனிய இருக்கிறன். ஒன்பது வருசம்."

"தெரியும் ராசா." என் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். "உன்னைத் தனியப் போக விட்டனான். அப்ப எனக்கு வேறை வழி தெரியேல்லை. விட்ட நாளிலை இருந்து ஒரு நாளும் வயிறு நிறையச் சாப்பிட்டதில்லை. இவனையும் அப்பிடி விடச் சொல்லாதை."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. நான் குகனிடம் போய், "பூட்ஸைத் தா" என்றேன்.

"உனக்குச் சின்னன்."

"தா."

அவன் என் முகத்தைப் பார்த்தான். குந்தியிருந்து, என் காலைத் தூக்கித் தன் தொடையில் வைத்து, பூட்ஸை மாட்டி, கயிறுகளை ஒவ்வொன்றாக இறுக்கினான். "விழப்போறாய் எண்டால் பின்னாலை இரு. முன்னுக்கு விழாதை" என்றான். ஏகாம்பரம் ஊசியைக் காட்டி, "அண்ணாத்தே, இத்த மறக்காத" என்றார். 'சார்' என்பதை விட்டு 'அண்ணாத்தே'க்கு வந்திருந்தார்.

அவர்கள் பட்டத்தை மறுபடி ஏற்றினார்கள். கயிறு என்னை எழுப்பியது. முதலில் பயம் மட்டும்தான். பிறகு இடுப்பில் அந்த இழுப்பு. மேலே விண் கூவுகிறது, கீழே சக்கரம் தடதடக்கிறது, நடுவில் நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கொண்டுபோகிற இடத்துக்குப் போனால் போதும். மணற்கரையில் தனியாக நின்று மற்றவர்களைப் பார்த்த ஞாயிறுகளெல்லாம் நினைவில் ஓடின. முகத்தில் காற்றடித்துக் கண்ணீர் வந்தது. காற்றுதான் என்று விட்டுவிட்டேன். அம்மா சொன்னதை அப்போதுதான் முழுக்கக் கேட்டேன். ஒரு நாளும் வயிறு நிறையச் சாப்பிட்டதில்லை. ஒன்பது வருடமாக நான் போனவன் என்று நினைத்திருந்தேன். அம்மா என்னைப் போக விட்டவளாக இருந்திருக்கிறாள்.

ஏரியின் மேற்குக் கரையை நெருங்கும்போது காற்று தளர்ந்தது. பட்டம் தயங்கி, கூவலை விட்டு, மெல்ல இறங்கிப் புல்லில் சாய்ந்தது. நான் சக்கரங்களோடு குந்தினேன். எருமைகளை ஓட்டிக்கொண்டு ஒரு வயதானவர் வந்தார். என் காலையும், பெல்ட்டையும், பட்டத்தையும் நிதானமாகப் பார்த்தார். எதையும் அதிசயமாகக் கேட்கவில்லை.

"தனியாவா வந்துகினு கீற?"

"இல்லை ஐயா. அந்தக் கரையில அம்மா நிற்கிறா."

அவர் கிழக்கே பார்த்தார். அங்கே ஒன்றும் தெரியவில்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

"அப்போ இன்னா குந்திக்கினு கீற? கெளம்பு. அம்மா தேடும்" என்றார்.

பூட்ஸைக் கழற்றினேன். என் விரல்கள் வீங்கியிருந்தன. குகன் போட்ட முடிச்சு அவிழ வெகுநேரம் ஆகியது. பட்டத்தை முதுகில் கட்டி, சக்கரங்களைத் தோளில் மாட்டி, வெடித்த தரையில் வெறுங்காலோடு நடந்தேன். எனக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. அம்மாவின் பயணச்சீட்டை என்ன செய்வது, குகனிடம் யார் சொல்வது, அவன் எப்படிச் சண்டை பிடிப்பான் என்றெல்லாம் யோசித்துக்கொண்டு நடந்தேன்.

பாதி ஏரி தாண்டியிருப்பேன். எதிரே மூன்று பேர் வந்துகொண்டிருந்தார்கள். குகனும் ஏகாம்பரமும் பின்னால். அவர்களுக்கு வெகுதூரம் முன்னால், சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கல்லும் முள்ளும் பாராமல் அம்மா வந்துகொண்டிருந்தாள். நான் இருக்கும் இடம் நோக்கி அம்மா அவ்வளவு வேகமாக வந்து நான் பார்த்ததில்லை. அவள் வந்து சேரட்டும் என்று நான் அங்கேயே நின்றேன்.